வேலிக்கு அந்தப் பக்கம் என் தம்பி

ஓசூருக்கு வந்த புதிதில் எங்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் யாரும் கிடையாது.

இதை ஒரு குறையாகச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். நம் வயதுக்காரர்களுக்குப் புரியும். நம்மில் பாதிப் பேர் அப்படித்தானே வந்து சேர்ந்தோம்? தொழிற்பேட்டை ஆரம்பித்த கையோடு, தகரப் பெட்டியும் பாய்ச் சுருட்டுமாக, செத்துப்போனவர்களை எல்லாம் சொந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்தோம். எங்கள் அப்பா காவேரிப்பட்டினத்துக்காரர். அவருடைய ஆட்கள் எல்லாரும் அங்கே ஆற்றோரத்துக் கல்லறையில். இங்கே நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வந்தால், ஏற்கெனவே இந்த ஊரில் இருந்த குடும்பங்கள் அவரவர் கல்லறைக்கு வெள்ளையடித்து, செண்டுமல்லியைக் கொட்டி, மெழுகுவர்த்தி ஏற்றிச் சுற்றி உட்கார்ந்திருக்கும். நாங்கள் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில், யாருமற்றவர்களோடு சேர்ந்து நிற்போம். எங்களுக்கும் ஒரு கல்லறை இருந்தால் நன்றாக இருக்குமே என்று மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நான் ஆசைப்பட்டிருக்கிறேன். அந்த ஆசை அடுத்த வருடம் என்னை எவ்வளவு பயமுறுத்தியது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வருடம் எனக்கு ஒன்பது வயது. பாகலூர் போகிற சாலையில் ஐந்து வீடுகள் ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும். அதில் கடைசி வீடு எங்களுடையது. ஒரு பக்கம் கேழ்வரகுக் காடு, இன்னொரு பக்கம் அவரைத் தோட்டம். தூரத்தில் அப்பாவின் தொழிற்சாலை. காலையில் ஒரு சங்கு, மத்தியானம் ஒரு சங்கு. அப்பா வீட்டுக்குள் நுழைந்தால் இரும்புத்தூளும் எண்ணெயும் கலந்த வாசனை முன்னால் வரும். அப்போதைய ஓசூர்க் குளிர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காலை எட்டு மணி வரை எதிர்வீடு தெரியாது. வாயைத் திறந்து புகை விட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போவோம்.

அம்மாவுக்கு அப்போது ஒன்பதாவது மாதம். எனக்குப் பிறகு ஒன்பது வருடம் கழித்து உண்டானது. பக்கத்து வீட்டு அக்காவிடம் பின்னல் கற்றுக்கொண்டு மஞ்சள் கம்பளி நூலில் ஒரு சின்ன குல்லா பின்னி முடித்திருந்தாள். காலுறை ஒன்று முடிந்து, இன்னொன்று பாதியில் ஊசியோடு கூடையில் கிடந்தது. பையனா பெண்ணா என்று என்னிடம் கேட்பாள். தம்பி என்று நான் அடித்துச் சொல்வேன். தம்பியோடு பேசு என்று என் வாயைத் தன் வயிற்றருகே கொண்டுபோவாள். நான் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அங்கே சொல்லியிருக்கிறேன்.

ஆவணி மாதத்தில் ஒரு காலை அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நான் பள்ளிக்கூடம் விட்டுப் பக்கத்து வீட்டில் இருந்தேன். மறுநாள் மதியம் அப்பா வந்தார். வீட்டுக்குள் போனார், வெளியே வந்தார், திரும்ப உள்ளே போனார். பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்குப் பார்த்து ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். என்னை விட்டுவிட்டுப் போக அப்பாவுக்கு ஆள் இல்லை. அதனால்தான் என்னைக் கூட்டிப்போனார். வேறு காரணம் எதுவும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்று, நான் பெரியவளாகிவிட்டேன் என்பதால் கூட்டிப்போகிறார் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரிப் பின்வாசலில் அப்பா உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தார். தொழிற்சாலையில் இயந்திர பாகங்கள் வந்து இறங்கும் பேக்கிங் பலகையில் அவரே அடித்த பெட்டி. பலகையில் கறுப்பு மையில் ஒரு அம்புக்குறியும், ஒரு கண்ணாடிக் குவளையின் படமும் அச்சடித்திருந்தது. அந்தப் படத்துக்கு ‘உடையும், பத்திரம்’ என்று அர்த்தம் என்பது நான் வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அன்று அதை ஏதோ கோயில் பாத்திரம் என்றே எண்ணிக்கொண்டேன்.

“தம்பிம்மா,” என்றார் அப்பா. “பொறக்கறப்பவே உசுரு இல்ல.”

என்னை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துப் பெட்டியை மடியில் வைத்தார். அவர் ஏறவில்லை; கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடந்தார். நான் எதிர்பார்த்ததைவிடப் பெட்டி கனமாக இருந்தது. தூறல். சாலை முழுக்கப் பள்ளம். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது பெட்டிக்குள் ஏதோ லேசாக நகர்ந்தது. என் முழங்காலில் அது தெரிந்தது. நான் இரண்டு கையாலும் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று பலகையில் வாய் வைத்துச் சொன்னேன். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

கல்லறைத் தோட்டத்து வாசலில் பங்குச் சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார் காத்திருந்தார். சாமியார் வெளியூர் போயிருந்தார். ஞானஸ்நானம் பெறாத குழந்தையை மந்திரித்த நிலத்துக்குள் வைக்க வழக்கமில்லை என்று உபதேசியார் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. சொல்லும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கத்தாழை வேலியில் ஒரு சந்து இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் புறம்போக்கு, அதைத் தொட்டு யாருடையதோ கேழ்வரகுக் காடு. பயிர் என் இடுப்பு வரை நின்றது. குழி வெட்டுகிறவர் ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தார். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. சிலுவையும் இல்லை, கல்லும் இல்லை. நான் ஒரு பிடி மண் போட்டேன். ஈர மண், கையில் ஒட்டிக்கொண்டு விழவே மாட்டேன் என்றது.

திரும்பும்போது அப்பா சைக்கிளை நிறுத்தி என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

“அம்மா கேட்டா தெரியாதுன்னு சொல்லணும். வந்தேன்னே சொல்லாத. எடம் தெரிஞ்சா அங்கயே போயி உக்காந்துக்குவா. ஒடம்பு இன்னும் கெட்டுப் போயிரும். தெரியலன்னா கொஞ்ச நாள்ல மறந்துருவா.”

உடம்பு கெட்டுப்போனால் அம்மாவும் ஒரு பெட்டிக்குள் போய்விடுவாள் என்று நான் புரிந்துகொண்டேன். சத்தியம் செய்து கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்து அம்மா வீட்டுக்கு வந்தபோது பெரியம்மா காவேரிப்பட்டினத்திலிருந்து வந்துவிட்டிருந்தார். அம்மாவின் அக்கா, காரியக்காரி. அம்மா வருவதற்குள் பின்னல் கூடையையும் பழைய துணியில் தைத்த சின்னச் சட்டைகளையும் மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டார். மஞ்சள் குல்லா எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. கண்ணில் பட்டால்தானே நினைப்பு வரும் என்பது அவர் கணக்கு. அன்று சாயங்காலம் வீடு முழுக்க மல்லிகைப் பூ வாசனை. யார் தலையிலும் பூ இல்லை. பால் கட்டிக்கொண்டு வலிக்காமல் இருக்க, மல்லிகையை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார் பெரியம்மா. அது தெரியாமல், என்ன விசேஷம் என்று நான் கேட்டேன். பெரியம்மா என்னை முறைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

யாரும் தம்பியைப் பற்றிப் பேசவில்லை. பெரியம்மா பேசவில்லை, அப்பா பேசவில்லை, வரிசை வீட்டுக்காரர்கள் வாசலில் பேசிக்கொண்டிருந்தாலும் அம்மா வந்ததும் அவரைக்காய் விளைச்சலுக்குத் தாவினார்கள். அம்மாவுக்கு நல்லது செய்வதாக எல்லாரும் நினைத்தார்கள். அம்மா சோறு பிசைவாள், சாப்பிட மாட்டாள். என் தலையைப் பின்ன ஆரம்பிப்பாள், பாதியில் கை நின்றுவிடும். நான் மீதியை நானே பின்னிக்கொண்டு போவேன். பெரியம்மா ஒரு மாதம் இருந்துவிட்டு, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிப் பஸ் ஏறினார்.

கல்லறைத் திருநாள் வந்தது. இந்த வருடம் போக வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். சங்கு ஊதியதும் அம்மா புடைவை மாற்றிக்கொண்டாள். ஒரு பொட்டலம் மெழுகுவர்த்தியோடு என்னைக் கையில் பிடித்துக்கொண்டு புறப்பட்டாள். கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். சாம்பிராணிப் புகை. சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போனார். அம்மா வழக்கமான இடத்துக்கு, பெரிய சிலுவையடிக்குப் போகவில்லை. பாதையின் நடுவில் நின்று என்னைப் பார்த்தாள்.

“தம்பிய எங்க வெச்சாங்கன்னு உனக்குத் தெரியுமா பாப்பா?”

“தெரியாதும்மா.”

“அப்பா எதுனா சொன்னாரா?”

“இல்லம்மா.”

பத்தடி தள்ளி வேலி. அதற்கு அப்பால் கேழ்வரகுக் கதிர் முற்றி மடங்கி நின்றது. அந்தப் பக்கம் என் கண் போய்விடக் கூடாது என்று நான் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா மெழுகுவர்த்தியைக் கையில் வைத்தபடி நின்றாள். அப்புறம் எல்லாரும் ஏற்றுகிற சிலுவையடியிலேயே ஏற்றினாள். காற்றில் அணைந்தது. திரும்பவும் ஏற்றினாள்.

அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சில நாள் கதவு பூட்டியிருக்கும். வாசலில் உட்கார்ந்திருப்பேன். அம்மா வருவாள், காலெல்லாம் செம்மண்ணாக. எங்கே போனாய் என்று கேட்டதில்லை, எனக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஒவ்வொரு சின்ன மேடாகப் பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். ஒருநாள் வேறு முகத்தோடு வந்தாள். கை கால் கழுவினாள், என் தலையை முழுசாகப் பின்னினாள்.

“கண்டுபுடிச்சிட்டேன் பாப்பா,” என்றாள். “தண்ணித் தொட்டி பக்கத்துல சின்னதா ஒண்ணு இருக்குது. பேரு எழுதல. மண்ணு புதுசா இருக்குது. அதான் தம்பி.”

அன்று அம்மா இரண்டு களி உருண்டை சாப்பிட்டாள். மறுநாள் பாடினாள், மாதாவுக்கு ஒரு பாட்டு, மெதுவாக, பாத்திரம் விளக்கிக்கொண்டே. இப்போது நான் உண்மையைச் சொன்னால் இது எல்லாம் போய்விடும். சொல்லாவிட்டால் அம்மா யாரோ ஒரு குழந்தையைத் தன் குழந்தை என்று கொஞ்சிக்கொண்டிருப்பாள். ஒன்பது வயதில் இதை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு மறந்துபோனது. அடி வாங்கினேன். அடி வாங்கியது நிம்மதியாகக்கூட இருந்தது, அழுவதற்கு ஒரு காரணம் கிடைத்ததே என்று.

சனிக்கிழமைகளில் அம்மா என்னையும் கூட்டிப்போக ஆரம்பித்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேட்டில் புல் பிடுங்குவோம். வழியில் பறித்த சாமந்தியை வைப்போம். நான் அந்தக் குழந்தையிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். மூன்றாவதோ நான்காவதோ சனிக்கிழமை, நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெண் வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். அம்மா வயதுதான் இருக்கும். கையில் ஒரு தூக்கும் பூவும்.

“ஏம்மா, நீங்க யாரு?”

“எம் பையன்ம்மா இது,” என்றாள் அம்மா, புல்லைப் பிடுங்கிக்கொண்டே.

அந்தப் பெண் மேட்டில் இருந்த பூவைப் பார்த்தார். அப்புறம் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“இது எங்க பாப்பாம்மா. ஒன்ற வயசு. ஜொரத்துல போச்சு. நாந்தான் கைய புடிச்சிக்கினு இருந்தேன்.”

அம்மாவின் கை நின்றது. அவள் மேட்டைப் பார்த்தாள், அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு தான் வைத்த சாமந்திப் பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் போட்டுக்கொள்ளத் தொடங்கினாள். “இருக்கட்டும்மா, எடுக்காதீங்க. அதுவும் கொழந்தைக்குத்தான,” என்று அந்தப் பெண் சொன்னார். அம்மாவுக்குக் காதில் விழவில்லை. ஒரு பூ விடாமல் எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை நேராக நடந்தாள். வாசலில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தெல்லாம் சொல்லவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. பெட்டி, சைக்கிள், தூறல், வேலிச் சந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, “நீ சாவ மாட்டியில்ல?” என்று கேட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? அவள் என்னை அடிக்கவில்லை, அணைக்கவில்லை. எழுந்து, “எங்க, காட்டு,” என்றாள்.

வேலிச் சந்தைத் தாண்டினால் எனக்கு எதுவும் அடையாளம் தெரியவில்லை. அன்று இடுப்பு வரை நின்ற கேழ்வரகை அறுத்துவிட்டிருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய வரை தாள். புறம்போக்கில் புல் ஓர் ஆள் முழங்கால் உயரத்துக்கு. எல்லா இடமும் ஒன்றுபோல இருந்தது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதிர்க் கட்டு சுமந்துகொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டுக் கட்டை இறக்கி வைத்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார். அந்தக் காட்டின் சொந்தக்காரர். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார்.

“மகு தேடுறீங்களா?”

மகு என்றால் குழந்தை என்று பாகலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளோடு படித்த எனக்குத் தெரியும். நான் தலையாட்டினேன். அவர் வா என்று கையைக் காட்டி முன்னால் நடந்தார். நான் நினைத்த இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, புல் நடுவில், ஒரு முழத்துக்கு முள்ளுக் கிளைகள் அடுக்கியிருந்தன. மேலே நாலு கல்.

“நாயி தோண்டும். அதுக்குத்தான் முள்ளு போட்டேன். மாடு மேஞ்சா கூட இங்க வுடமாட்டேன்,” என்றார். பிறகு அம்மாவைக் கூர்ந்து பார்த்து, “அவரு உங்க வீட்டுக்காரரா? சைக்கிள்ல வராரே?”

“யாரு வராரு?”

“சுக்ரவாரம் சுக்ரவாரம் காலைல வருவாரு. அந்த வேலிகிட்ட சைக்கிள நிறுத்திட்டு சும்மா நிப்பாரு. நான் பேசினா பேச மாட்டாரு. கொஞ்ச நேரம் நின்னுட்டு போயிருவாரு.”

வெள்ளிக்கிழமைகளில் நைட் ஷிப்ட் முடிந்து அப்பா தாமதமாகத்தான் வீட்டுக்கு வருவார். வேலை மீதி இருந்தது என்பார்.

அம்மா உட்கார்ந்தாள். முள்ளின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள், குத்துமே என்றுகூடப் பார்க்காமல். முந்தானையில் இருந்த சாமந்தியை முள்ளுக்கு நடுவில் ஒவ்வொன்றாக நழுவவிட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் முகத்தில் கோபம்தான் இருந்தது. நடுவழியில், என்னிடம் இல்லை, சாலையிடம் சொல்வதுபோல ஒருமுறை சொன்னாள்: “அவரு மட்டும் வந்து பாத்துட்டுப் போறாரு. எனக்கு மட்டும் வேணாமா?”

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. அம்மா அப்பாவிடம் எதையும் கேட்கவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். சத்தியத்தை மீறியது அப்பாவுக்குத் தெரியவரும் நாளை எண்ணி நான் பயந்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பனி விலகாத நேரத்தில் நாங்கள் இருவரும் அங்கே போய் முள்ளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். புல்லெல்லாம் ஈரம். என் பாவாடை நனைந்து குளிர் ஏறியது. சைக்கிள் சத்தம் முதலில் கேட்டது, அப்புறம் பனிக்குள்ளிருந்து அப்பா வந்தார்.

எங்களைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். சைக்கிளை எதிலும் சாய்க்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எனக்கு மறந்துரும்னு நெனச்சீங்களா?” என்று அம்மா கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

அப்பா சைக்கிளை மெதுவாகப் புல்லில் படுக்க வைத்தார்.

“எனக்கு மறந்துரும்னு நெனச்சேன்,” என்றார். “மறக்கல.”

அவ்வளவுதான். அவர் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அப்பாவின் தோள் குலுங்குவதை நான் முதலும் கடைசியுமாக அன்றுதான் பார்த்தேன். பிறகு மூன்று பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், யாரும் அதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா கேழ்வரகுக் கூழ் காய்ச்சினாள். அவர்கள் இருவரும் அன்று காலை முழுக்க மெதுவான குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

இதைத்தான் நான் இத்தனை வருடம் கழித்துச் சொல்ல வந்தேன். அவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கிடைத்துவிட்டார்கள். அது நல்லது. அதன் பிறகு அவர்கள் நாற்பது வருடம் வாழ்ந்தார்கள், ஒவ்வொரு நவம்பரிலும் வேலிக்கு அந்தப் பக்கம் போய் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஆனால் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டி கனமாக இருந்ததா என்று கேட்கவில்லை. பயந்தாயா என்று கேட்கவில்லை. சத்தியத்தை மீறியதற்கு அப்பா திட்டவும் இல்லை, அப்படியொரு சத்தியம் வாங்கியதற்கு வருத்தப்படவும் இல்லை. குழந்தைதானே, அதற்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள். அம்மா மறந்துவிடுவாள் என்று அப்பா போட்ட கணக்கை, என் விஷயத்தில் இருவரும் சேர்ந்து போட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் தாயாகி, என் மகனிடம் எத்தனை இடத்தில் அப்படி நடந்துகொண்டேனோ, அது அவனுக்குத்தான் தெரியும். ஆனால் ஒரு கல்லறை வேண்டும் என்று ஆசைப்பட்டதால்தான் தம்பி செத்தான் என்ற நினைப்பை நான் தனியாகத்தான் வளர்த்தேன். அது பொய் என்று புரிந்த வயதிலும் அது முழுசாகப் போகவில்லை.

எனக்கும் நடுவயது ஆன பிறகு ஓர் இளம் சாமியாரிடம் இதைச் சொன்னேன். சாமியார் திரும்பும்வரை இரண்டு நாள் பொறுத்து அனுமதி கேட்டிருந்தால் உள்ளேயே இடம் கிடைத்திருக்கும் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். அதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. தெரிந்து என்ன செய்யப்போகிறார்?

அந்தக் கன்னடத்துப் பெண் இறந்த சில வருடங்களில் காட்டை அவர் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். கத்தாழை வேலி போய்க் கல்லறைத் தோட்டத்துக்கு மதில் வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் மண் கொட்டி மேடாக்கி ஒரு கிடங்கு கட்டினார்கள். இப்போது அங்கே கன்டெய்னர் லாரிகள் பின்னால் வரும்போது எழுப்புகிற ஒலி கல்லறைத் தோட்டத்தில் கேட்கும். அம்மாவும் அப்பாவும் மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறார்கள். என் கணவர் நாலு வரிசை தள்ளி. இடம் தட்டுப்பாடு என்பதால் இனி ஏற்கெனவே உள்ள குடும்பக் கல்லறையைத் திறந்து அதிலேயேதான் அடக்கம் செய்வார்கள். நான் கணவரோடு போவதற்கு எழுதிக் கொடுத்தாயிற்று. எழுதிக் கொடுக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து தனியாகச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தோன்றியது: நான் போய்விட்டால், அந்தக் கிடங்குக்குக் கீழே ஒரு குழந்தை இருந்தது என்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. என் மகன் பெங்களூரில் இருக்கிறான். நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் வந்து போவதற்கு ஒரு நாள் ஆகிவிடுகிறது. அவனிடம் சொன்னேன். பாவம்மா என்றான். உண்மையாகத்தான் சொன்னான். ஆனால் அவன் பார்க்காத மாமா அது. அவனுக்கு அதற்கு மேல் என்ன இருக்க முடியும்?

நவம்பர் மாதத்தில் நம் கோயிலில் இறந்தவர்களின் பெயரை எழுதி வாங்கித் திருப்பலியில் வாசிப்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் மூன்று பெயர் எழுதிக் கொடுப்பேன். நாலாவது வரியில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. அம்மா அப்பா மனதில் ஏதாவது பெயர் இருந்ததா என்று நான் கேட்டதில்லை. இப்போது நானாக ஒரு பெயர் வைக்கலாம்தான். அது வேறு யாரோ ஆகிவிடும் என்று பட்டது. இந்த வருடம் நாலாவது வரியில், நான் அவனை என்ன சொல்லி அழைத்தேனோ அதையே எழுதிக் கொடுத்தேன்.

அன்று வாசித்தது ஐ.டி. கம்பெனிக்குப் போகிற ஒரு சின்னப் பெண். மளமளவென்று வாசித்துக்கொண்டு வந்தாள். என் தாளுக்கு வந்தபோது அப்பாவின் பெயரைச் சொன்னாள், அம்மாவின் பெயரைச் சொன்னாள், என் கணவரின் பெயரைச் சொன்னாள். ஒரு கணம் நிறுத்தினாள். தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். அதுவும் ஒருவருடைய பெயர்தான் என்று முடிவு செய்திருப்பாள்.

“தம்பி,” என்று மைக்கில் தெளிவாக வாசித்தாள்.

இவர்களுக்கு நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும் என்று கோயிலில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். நீங்களும் சொன்னீர்கள்.